புயலிலும் அணையாத சிறு சொல்

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள். நள்ளிரவு கடந்த வேளையில் 'கஜா' புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து வீழ்ந்திருந்தன. மின்சாரம் நின்றதும் செல்பேசிக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின. கையில் பேசி இருந்தது, பேசத்தான் வழியில்லை.

அந்நாள்களில் நான் காவிரிப் படுகையில் ஒரு பங்கில் பணியாற்றி வந்தேன். கோவில் மண்டபத்தில் தங்கியிருந்தோருக்குக் கஞ்சி வழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் முதிய தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய ஒரே மகன் குவைத்தில் ஓட்டுநராக உழைப்பவர். "சாமி, அரிசி பருப்பு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நாங்க உயிரோட இருக்கோம்னு ஒரு வார்த்தை அவனுக்குப் போய்ச் சேந்தாப் போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சேர்ப்பிக்க என்னால் இயலவில்லை. நான்கு நாள்கள் கழித்து, திருச்சிக்குப் புறப்பட்ட லாரி ஓட்டுநர் ஒருவர் வழியாகவே அது மகனை எட்டிற்று. அந்த நான்கு நாளும் மகன் சரியாக உண்ணவும் இல்லை, உறங்கவும் இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஒரு சொல்லுக்காக நான்கு நாள் தவம்! அந்த நினைவே, ஐம்பதைக் கடந்த என்னை அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதத் தூண்டியது. இக்கலையில், அதிலும் சிறப்பாக அதன் 'டிஜிட்டல்' முறைகளில், எளிய குடும்பத்தினரும் எவ்வாறு அடியெடுத்து வைக்கலாம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெச்சூர் வானொலி என்பது யாது?

வணிகமோ ஊதியமோ கருதாமல், கற்கும் ஆர்வத்தாலும் பிறர்க்கு உதவும் விருப்பத்தாலும் தனி மனிதர்கள் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்து ஒருவரோடொருவர் உரையாடுவதே அமெச்சூர் வானொலி. மக்கள் இதனை 'ஹாம் ரேடியோ' என்பர். கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு மின்கலம் இருந்தால் போதும். பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் கதிரவனின் ஒளியால் மின்னூட்டம் பெற்றுள்ள அயனி மண்டலம் சிற்றலைகளை மீண்டும் நிலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. இறைவன் படைப்பிலேயே அமைத்து வைத்துள்ள இக்கூரையைப் புயல் சாய்க்க முடியாது அன்றோ!

திருச்சபைக்கும் வானொலிக்கும் உள்ள உறவு நெடியது. பிரேசில் நாட்டுக் குருவான ரொபெர்த்தோ லாண்டெல் தெ மோரா 1900-ஆம் ஆண்டிலேயே சாவோ பாவ்லோ நகரில் மனிதக் குரலைக் கம்பியின்றி அனுப்பிக் காட்டியவர். வத்திக்கான் வானொலியை மார்க்கோனியே அமைத்துத் தர, திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-ஆம் ஆண்டு பெப்ருவரி 12-ஆம் நாள் அதனைத் தொடங்கி வைத்தார். அவுஷ்விட்ஸ் முகாமில் ஒரு குடும்பத் தலைவருக்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே, எஸ்.பி.3ஆர்.என். என்னும் அழைப்புக்குறி கொண்ட ஒரு ஹாம். ஆதலின் உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஹாம் நண்பர்கள் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர். நேபாளத்தில் கல்விப்பணி ஆற்றிய அருள்தந்தை மார்ஷல் மோரான், சே.ச. அவர்களின் குரலை உலக ஹாம்கள் நெடுங்காலம் ஆவலோடு தேடிக் கேட்டனர். பல ஆண்டுகள் அந்நாட்டிலிருந்து ஒலித்த ஒரே அமெச்சூர் குரல் அவருடையதே.

இக்கலைக்கு அறநெறியும் உண்டு. இதனைக் கொண்டு வாணிபம் செய்யலாகாது. பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடுகளை அனுப்பலாகாது. பிறருடைய செய்திகளைச் சாதாரண நாள்களில் ஏற்றிச் செல்லலாகாது; ஆனால் பேரிடர்க் காலத்தில் துயர்துடைப்புக்காக அவ்வாறு செய்யப் பன்னாட்டு வானொலி விதிகள் இடமளிக்கின்றன. அந்தத் தாயின் சொல்லுக்கு இங்கேதான் வாயில் திறக்கிறது.

சிறு குரல் எவ்வாறு நெடுந்தூரம் செல்கிறது?

வானலையில் குரலால் பேசுவது ஒரு முறை. குறிகளால் பேசுவது மற்றொரு முறை. புள்ளியும் கோடும் கொண்ட மோர்ஸ் முறையே குறிமுறைகளுக்கெல்லாம் தாய். பின்னர் ஐந்து குறிகளைக் கூட்டி ஓர் எழுத்தாக்கும் வானொலித் தட்டச்சு வந்தது. 1998-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டினெஸ் என்னும் ஹாம், கணினி வழியே எழுத்துரையாடல் நிகழ்த்தும் பி.எஸ்.கே.31 முறையை வழங்கினார். 2017-இல் ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் ஆகிய இருவரும் எஃப்.டி.8 என்னும் முறையை உருவாக்கினர். இவருள் டெய்லர், விண்ணில் இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தமைக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அறிஞர். விண்மீனின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த அதே அறிவு, எளிய ஹாமின் மெல்லிய குறியைப் பிரித்தெடுக்கவும் துணைநின்றது.

எஃப்.டி.8 முறையின் மறைபொருளை நம் கோவில் வழக்கம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். திருவிழாத் தேர்ப்பவனியில் ஒருபுறம் மேளம், மறுபுறம் வாணவெடி. முன்னே செல்லும் உபதேசியார் மன்றாட்டுமாலை சொல்கிறார். பின்னால் வருவோர்க்கு அவர் குரல் சரியாக எட்டுவதில்லை. ஆயினும் புனிதரின் பெயரில் ஓரசை காதில் விழுந்தவுடன் முழுப் பெயரும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. உரிய மறுமொழியும் உரிய நேரத்தில் எழுகிறது. ஏன்? என்ன சொல்லப்படும், எப்போது சொல்லப்படும் என்பதை இரு சாராரும் முன்னரே அறிந்துள்ளனர்.

எஃப்.டி.8 முறையிலும் இதுவே நிகழ்கிறது. உலகிலுள்ள நிலையங்கள் யாவும் கடிகாரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு 15 நொடியையும் ஒரு பங்காக்குகின்றன. ஒரு பங்கில் நான் அனுப்புகிறேன். மறு பங்கில் வாய்மூடிக் கேட்கிறேன். யார் அழைப்பது, யாரை அழைப்பது, எங்கிருந்து அழைப்பது என்னும் விவரங்கள் 77 'ஆம், இல்லை' குறிகளுள் சுருக்கப்படுகின்றன. அவற்றோடு காப்புக்குறிகள் சேர்ந்து மொத்தம் 174 ஆகின்றன. இவற்றையும் நேரத்தை ஒத்திசைக்கும் குறிகளையும் 79 சிறு ஒலிகளாக்கிக் கணினி 12.64 நொடிகளில் இசைக்கிறது. வழியில் பல ஒலிகள் சிதைந்தாலும், காப்புக்குறிகளின் துணையால் மறுமுனைக் கணினி மூலச்செய்தியை மீட்டுவிடுகிறது. இதனால், சுற்றியுள்ள இரைச்சலின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றிருபதில் ஒரு பங்கே உள்ள குறியைக்கூடப் படிக்க முடிகிறது. காதால் கேட்போருக்கு அங்கே ஒன்றுமே இராது! வானிலை துணைசெய்யும் நேரத்தில் 5 வாட் ஆற்றல், அதாவது வீட்டு எல்.இ.டி. விளக்கு ஒன்று உண்ணும் மின்சாரத்தினும் குறைவானது, கண்டங்களைக் கடந்து செல்லும்.

முதற்படி: கேட்டல்

இக்கலையில் நுழைய விரும்புவோர் முதலில் கருவி வாங்கக் கடைக்கு ஓட வேண்டா. முதற்படி கேட்பதே. நெதர்லாந்து நாட்டின் துவெந்தே பல்கலைக்கழகத்தார் தம் வானொலி வாங்கியை இணையம் வழியாக எவரும் இலவசமாகக் கேட்குமாறு திறந்து வைத்துள்ளனர். இதுபோன்ற வாங்கிகள் பல நாடுகளிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றில் 14.074 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மேற்பக்கப் பட்டையில் வைத்துக் கேளுங்கள். பல புல்லாங்குழல்கள் ஒருசேர ஊதினாற்போல் ஓர் ஒலி எழும். சில நொடிகளில் அடங்கும். கால் நிமிடம் நிறைந்ததும் மீண்டும் எழும். அவ்வொலியின் ஒவ்வோர் இழையும் ஒரு மனிதரின் அழைப்பு.

அதனைப் படிக்க டபிள்யூ.எஸ்.ஜே.டி.எக்ஸ். என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒலிபெருக்கியில் வரும் ஒலியைக் கணினியின் ஒலிவாங்கிக்குக் கேட்கச் செய்தாலே பல வரிகள் திரையில் எழுத்தாக ஓடக் காணலாம். சில இணைய வாங்கிகளில் இவ்வாறு எழுத்தாக்கும் ஏற்பாடு உள்ளேயே அமைந்துள்ளது. பிள்ளைகளை அருகில் அமர்த்தி, உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரும் அழைப்புக்குறி எந்த நாட்டினது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு மாலைப் பொழுதில் புவியியல் பாடம் விளையாட்டாகவே மனத்தில் பதியும்.

இரண்டாம் படி: உரிமம்

கேட்டுப் பழகியபின் தேர்வுக்கு ஆயத்தமாகலாம். நம் நாட்டில் உரிமமின்றி அனுப்பும் கருவியை வைத்திருப்பதே குற்றம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு இத்தேர்வை நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிரம்பிய மாணவரும் எழுதலாம். தொடக்க நிலை உரிமத்திற்கு மோர்ஸ் தேர்வு இல்லை. மின்னியல், வானொலி பற்றிய அடிப்படை அறிவும் விதிமுறைகளுமே பாடம். பள்ளி இயற்பியலை மறந்துபோன என் போன்றோர்க்கே அது கைகூடியது என்றால், இளையோர் அஞ்ச வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்று உரிமமும் அடைந்தால் 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். திருமுழுக்குப் பெயர்போல் அது உலகெங்கும் உங்களை அடையாளங்காட்டும்.

மூன்றாம் படி: கருவியும் கம்பியும்

அனுப்பவும் வாங்கவும் வல்ல 'டிரான்சீவர்' ஒன்று, ஒரு கணினி, இவ்விரண்டையும் இணைக்கும் ஒலிக்கம்பி ஆகியவை தேவை. இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் ஒரே கம்பி ஒலியையும் கட்டளையையும் எடுத்துச் செல்கிறது. 5 வாட் அல்லது 10 வாட் ஆற்றலுள்ள சிறிய கருவியே தொடங்குவதற்குப் போதுமானது.

ஆன்டெனாவோ நாமே கட்டக்கூடியது. 14 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு இருபுறமும் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள செப்புக்கம்பிகள். 7 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு இருபுறமும் 10 மீட்டர். நடுவில் இணைப்புக்கம்பியைப் பூட்டி, இரு தென்னைகளுக்கிடையே நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. மின்வாரியக் கம்பிகளுக்கு அருகே மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள். இடிமின்னல் தொடங்குமுன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

நிலையம் இருக்குமிடத்தை நான்கு எழுத்துகளில் சொல்லும் உலகக் கட்டம் ஒன்று உண்டு. திருச்சி, தஞ்சை, நாகை மூன்றும் எம்.கே.90 என்னும் கட்டத்துள் அடங்கும், சென்னை என்.கே.03. உங்கள் அழைப்புக்குறியையும் கட்டத்தையும் மென்பொருளில் பதித்துவிட்டால் நிலையம் ஆயத்தம்.

நான் செய்த இரு பிழைகள்

முதல் இரவு ஒரு மணி நேரம் அழைத்தேன். ஒருவரும் மறுமொழி தரவில்லை. திரையில் வரிகளும் தோன்றவில்லை. கருவி பழுது என்றே எண்ணி உறங்கச் சென்றேன். மறுநாள் பாலிடெக்னிக்கில் பயிலும் எம் பங்கு இளைஞர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபாதர், உங்க கம்ப்யூட்டர் கடிகாரம் மூணு செகண்ட் தாமதமா ஓடுது" என்றார். ஒரு நொடிக்குள் நேரம் ஒத்திருக்க வேண்டிய முறையில் நான் மட்டும் தனியாக வேறு நேரத்தில் வாழ்ந்திருக்கிறேன்! கடிகாரத்தைத் திருத்தியவுடன் திரை நிரம்பியது.

இரண்டாவது பிழை, ஒலியை மிகுதியாகக் கூட்டியது. கணினியிலிருந்து கருவிக்குச் செல்லும் ஒலி மிகுந்தால் குறி சிதறி, அண்டையில் பேசுவோருக்கெல்லாம் இடையூறாகும். மேலும் இம்முறையில் கருவி ஏறக்குறைய பதின்மூன்று நொடிகள் இடைவிடாது முழுமூச்சாக உழைப்பதால் விரைவில் சூடேறும். ஆகவே ஒலியைத் தணித்து, கருவியின் ஆற்றலையும் பாதிக்குக் கீழே குறைத்து வையுங்கள். உரக்கக் கத்துவதால் செய்தி சேராது. தெளிவாகச் சொல்வதாலேயே சேரும். இதனை நான் மறையுரை மேடையிலேயே கற்றிருக்க வேண்டும்!

இரண்டையும் திருத்திய பின், இத்தாலி நாட்டு நிலையம் ஒன்று என் அழைப்புக்கு விடை தந்தது. அழைப்பு, மறுமொழி, என் குறியின் அளவு, அவர் குறியின் அளவு, ஏற்பு, இறுதியில் நல்வாழ்த்து என்னும் பொருளுடைய '73' என ஆறு வரிகள்; ஒன்றரை நிமிடம். அவ்வளவே. ஆயினும் அன்றிரவு நான் உறங்க வெகுநேரமாயிற்று.

இதனோடு நின்றுவிடலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. எஃப்.டி.8 முறையில் நாடுகளை எண்ணிச் சேர்ப்பதிலேயே பலர் மகிழ்ந்து நின்றுவிடுகின்றனர். விருப்பம்போல் எழுத அம்முறை தரும் இடம் ஒரு நேரத்தில் 13 எழுத்துகள் மட்டுமே. இம்முறைகள் பெரும்பாலும் ரோமன் எழுத்துகளையே ஏற்பன. 'அம்மா நலம்' என்பதை அவ்வெழுத்துகளில் எழுதினால் இடைவெளியையும் சேர்த்துப் பத்து, அடங்கிவிடும். ஆனால் யாருடைய அம்மா? மகனின் தொலைபேசி எண் என்ன? அதற்கு இடமில்லை.

ஆகவே எஃப்.டி.8 முறையைக் கொண்டு கருவியையும் கம்பியையும் சோதித்துப் பழகியபின், முழுச் சொற்றொடர்களை அனுப்பும் முறைகளையும் பயில வேண்டும். பி.எஸ்.கே.31 முறையில் இருவர் கடிதம் எழுதுவதுபோல் தட்டச்சு செய்து உரையாடலாம். எஃப்.டி.8 முறையின் வலிமையை அடித்தளமாகக் கொண்டு 2018-இல் வெளிவந்த ஜே.எஸ்.8கால் என்னும் முறையோ மெல்லிய குறியிலும் விருப்பம்போல் எழுத இடந்தருகிறது. ஒரு நிலையம் எட்டாதபோது இடையிலுள்ள நிலையத்தின் வழியே செய்தியைக் கடத்தலாம். அதனிடம் செய்தியை விட்டுவைத்துப் பின்னர் உரியவர் பெற்றுக்கொள்ளவும் செய்யலாம்.

பேரிடர் நேரத்தில் செய்தி குவைத்துக்கு நேரே பறக்க வேண்டியதில்லை. புயல் தொடாத மதுரையையோ கோவையையோ அடைந்தால் போதும். அங்குள்ள ஹாம் ஒருவர் தொலைபேசியில் மகனை அழைப்பார். பகல் வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியே இதற்கு ஏற்றது. தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து அலைகள் ஏறக்குறைய நேர்மேலே சென்று, மழைபோல் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். மின்சாரத்திற்கோ, நம் வீடுகளில் உள்ள 'இன்வெர்ட்டர்' மின்கலமே உதவும். 12 வோல்ட் தரும் அம்மின்கலம் ஒன்று, சிறு கருவியைச் சில நாள்கள் இயக்கவல்லது. உரிய உருகியோடு இணைப்பது மட்டும் இன்றியமையாதது.

இவையெல்லாம் புயலன்று கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல. எண்ணெயைத் திருமண இரவில் தேடிச் சென்ற கன்னியரின் கதையை நாம் அறிவோம்.

பங்குக்கு ஒருவர்

அன்புள்ள பெற்றோரே, விடுமுறை நாள்களில் பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மகனையோ மகளையோ இதன்பால் திருப்பிப் பாருங்கள். பொறுமையாகக் கேட்கவும், முறை வரும்போது மட்டும் பேசவும், குறைந்த ஆற்றலில் நிறைவு காணவும் இக்கலை பழக்கும். ஒவ்வொரு கடற்கரைப் பங்கிலும், ஒவ்வோர் ஆற்றோரப் பங்கிலும் உரிமம் பெற்ற ஒருவராவது இருப்பாராயின் எத்துணை நலம்! மீனவருக்குக் கடலில் அவர்களுக்கென அமைந்த கருவிகளே முதல் துணை. அவற்றின் இடத்தை இது எடுத்துக்கொள்ளாது. ஆனால் கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு கூடுதல் கதவு.

ஆகஸ்டு 14 புனித கோல்பேயின் திருநாள். அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவின் முந்திய நாளுமாகும். அன்று மாலை இல்லத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின்கலத்தின் துணையால் அடுத்த மாவட்டத்து ஹாம் ஒருவருக்கு ஒரே ஒரு சொற்றொடரை அனுப்பிப் பார்ப்பதை ஆண்டுப் பயிற்சியாக நானும் அந்த இளைஞரும் கைக்கொண்டிருக்கிறோம். சென்ற முறை செய்தி சேர மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. அடுத்த முறை இரண்டில் முடிப்போம் என்று நம்புகிறோம்.

எலியா இறைவாக்கினர் மலைமேல் நின்றபோது, பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவரைக் காணவில்லை. அவற்றின்பின் வந்த மெல்லிய ஒலியிலேயே அவரை உணர்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பெருங்காற்று ஓய்ந்த மறுநாள், ஒரு தாயின் மெல்லிய சொல்லைக் கேட்கும் காது நம் பங்கில் ஒன்று விழித்திருக்கட்டும். அந்தத் தாய் இன்றும் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார் என்று அறிகிறேன். அவரிடம் நான் பட்ட கடன் அது.